தாயின் வீக்கமும் சேயின் மெலிவும்



மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளையை நோக்கி வடக்கே செல்லும் பெருந்தெருவில் ஏறக்குறைய 25 கிலோமீற்றர் சென்றால் நாலந்தா என்னும் ஊர் வரும். மலைநாடு தாழ்ந்து வறண்ட சமவெளியோடு கலக்கும் எல்லை அது. பேருந்தில் செல்வோர் பலர், கெடிகே என்னும் கற்கோயிலைக் கொண்டே அவ்வூரை அறிவர். பல்லவர் கட்டடக் கலையும் பௌத்த வழிபாடும் கலந்து நிற்கும் அக்கோயிலை, போவத்தென்ன நீர்த்தேக்க வேலையின்பொழுது நீரில் மூழ்கிவிடாதபடி 1970களின் பிற்பகுதியில் கல் கல்லாகப் பெயர்த்து மேட்டு நிலத்திலே மீண்டும் எழுப்பினர். அதற்கு எண்ணூறு ஆண்டுகட்கு முன்னர், பராக்கிரமபாகு மன்னன் இராசரட்டையைக் கைப்பற்ற நடத்திய போர்களிலே நாலந்தா அவனுடைய தளங்களுள் ஒன்றாய் இருந்தது எனச் சூளவமிசம் கூறும். ஆயினும், இன்று நான் கூற வந்தது கோயிலின் வரலாறும் அன்று, மன்னனின் வரலாறும் அன்று. இத்தெருவின் வழியே நடந்து சென்ற தாய்மாரின் உடம்பிலே நிகழ்ந்த ஒரு நோயின் வரலாறு.

கோப்பிக் காலத்திலே, 1830கள் கழிந்து 1840கள் பிறந்த வேளையில், தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் மலைநாட்டுத் தோட்டங்களை நாடிப் பெருந்தொகையாக வரத் தொடங்கினர். தோணியேறி மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து காட்டு வழியே நூறு மைலுக்கும் மேற்பட்ட தூரத்தைக் கால்நடையாகக் கடந்து, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளையை வந்தடைந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவ்வழியிலே பலரைக் கொண்டன. முதலில் ஆண்களே மிகுதியாக வந்தனர். பின்னர்ப் பெண்களும் பிள்ளைகளும் வரலாயினர். அக்காலத்து ஏடுகள் இறந்தோரைத் தலைக்கணக்காக எண்ணினவேயன்றி, இறந்தவள் சூல் கொண்டிருந்தாளா என்று கேட்டனவல்ல.

சூல் கொண்ட பெண்ணுக்கு ஏழாம் எட்டாம் மாதத்தில் முகமும் கையும் வீங்கும், தலை இடிக்கும், கண் மங்கும், பின்னர் ஒரு நாள் பல்லைக் கடித்துக் கைகால் வெட்டி இழுத்துக்கொண்டு விழுவாள். நம் முன்னோர் அதைப் பிரசவ ஜன்னி என்றனர். பேய்க்குற்றம் என்றோரும் உளர். கால் வீக்கத்தை மட்டும் கண்டால் நீர் இறங்குகிறது, பேறு நெருங்கிவிட்டது என்று கிழவியர் மகிழ்வதும் உண்டு. அத்தகைய தாய் பெற்ற பிள்ளை கைக்கடக்கமாய்ச் சிறுத்திருந்தால் அதற்கு வேறொரு காரணம் கூறுவர்: குறை மாதப் பிள்ளை, அல்லது தாய் ஒழுங்காய்ச் சாப்பிடவில்லை என்பர். தாயின் வீக்கம் ஒரு கணக்கு. சேயின் மெலிவு இன்னொரு கணக்கு. இவ்விரண்டையும் ஒரே ஏட்டில் எழுத வேண்டும் என்பது எவருக்கும் தோன்றவில்லை. கிராமத்து மருத்துவச்சிக்கு மட்டுமா தோன்றவில்லை? பேரறிஞர் நிறைந்த மேனாட்டு ஆஸ்பத்திரிகளிலும் நூறாண்டுக்கு மேல் அது தெளிவாகவில்லை.

நாலந்தா வழியிலே தொழிலாளர் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1843ஆம் ஆண்டில், இலண்டன் கைஸ் ஆஸ்பத்திரியின் ஜோன் லீவர் என்னும் மருத்துவர் ஓர் எளிய காரியம் செய்தார். பேறுகாலத்தில் வலிப்புக் கண்ட பெண்களின் சிறுநீரைச் சூடாக்கிப் பார்த்தார். முட்டையின் வெண்கரு சூட்டில் உறைவதுபோல அதிலே வெண்மையாய் ஒன்று திரண்டது. நோயற்ற கர்ப்பிணிகளின் சிறுநீர் அவ்வாறு திரளவில்லை. குருதியில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது என்பது இதனாற் புலப்பட்டது. எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் அவர்களும் ஏறத்தாழ அதே வேளையில் இதே முடிவை எய்தினார். வலிப்பு வந்த பின் கை பிசைந்து நிற்பதை விடுத்து, வருமுன் அதன் அடையாளத்தைக் காண ஒரு வழி பிறந்தது. ஒரு கண்ணாடிக் குழாயும் ஒரு விளக்குச் சுடரும் போதுமானவை. ஆயினும், அவற்றை இலங்கையின் ஒரு குக்கிராமத்துக்குக் கொண்டுவர எத்தனை ஆண்டுகள் சென்றன என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்கள் செய்த தொண்டு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. 1847இல் இலங்கை வந்த அவர், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். உடற்கூறு, இரண வைத்தியம், இரசாயனம் எனப் பல துறை நூல்களைத் தமிழாக்கினார். இல்லாத கலைச்சொற்களை ஆக்கினார். பேறுகால மருத்துவம் பற்றிய அவருடைய தமிழ் நூல் 1857இல் வெளிவந்தது. அதன் மூலநூல் டப்ளின் நகரத்து மோன்செல் என்பார் 1834இல் வெளியிட்டது. லீவருடைய கண்டுபிடிப்புக்கு ஒன்பது ஆண்டுகள் முற்பட்டது. இதனால் கிறீன் அவர்களின் பெருமை குறையாது. அறிவு கப்பலேறி வருவதற்குள் மூல நாட்டில் அடுத்த அதிகாரம் எழுதப்பட்டுவிடுகிறது என்பதற்கு இது சான்று. இன்று தமிழிற் பாடநூல் எழுதுவோரும் இந்த ஓட்டப் பந்தயத்திலேதான் இருக்கின்றனர்.

பழம்பெருமை பேசுவோர் இலங்கையிற் பேற்று மனைகள் பண்டுகாப மன்னன் காலத்திலேயே இருந்தன என்பர். மகாவமிசம் அவன் அநுராதபுரத்தில் அமைத்தவற்றுள் சிவிகாசாலை என்று ஒன்றைக் குறிப்பது உண்மையே. ஆனால் அதன் உரையாசிரியரே அச்சொல்லுக்குப் பேற்று மனை என்றும், சிவலிங்கம் வைத்த மண்டபம் என்றும் இரு பொருள் கூறுகிறார். ஐயமுள்ள ஒரு சொல்லின்மேல் மாளிகை எழுப்புதல் வரலாற்று மாணவனுக்கு அழகன்று. ஐயத்துக்கு இடமில்லாத தொடக்கம் 1879ஆம் ஆண்டு. கொழும்பிலே சார்ல்ஸ் ஹென்றி டி சொய்சா என்னும் வள்ளலின் கொடையால் டி சொய்சா பேற்று மனை அவ்வாண்டிலே திறக்கப்பட்டது.

1896இல் இத்தாலியில் ரீவா ரொச்சி என்பார் கையிலே பட்டி கட்டிக் குருதி அமுக்கத்தை அளக்கும் கருவியை அமைத்தார். மறு ஆண்டே பிரெஞ்சு மருத்துவர் வாக்கேயும் நொபேகூரும் சூல்வலிப்புக் கண்ட பெண்களிடம் குருதி அமுக்கம் மிக ஏறியிருப்பதைக் கண்டனர். சிறுநீரிற் புரதமும் ஏறிய அமுக்கமும் ஒன்றாகச் சேர்ந்ததும், வலிப்புக்கு முந்திய நிலை தனி நோயாக இனங்காணப்பட்டது. இன்று அதனை முன்சூல்வலிப்பு என்கிறோம். கருவுற்று 20 வாரம் கடந்தபின் அமுக்கம் 140க்கு 90 என்னும் அளவை எட்டி, அதனோடு சிறுநீரிற் புரதமோ, ஈரல், சிறுநீரகம் முதலிய உறுப்புகளிற் கேடோ தோன்றுதல் அதன் இலக்கணம். தோட்டத்துப் பெண்கள் இதனைச் சுருக்கமாகப் ‘பிரஷர்’ என்பர், அச்சொல்லே போதுமானது.

எடின்பரோவின் பாலன்டைன் அவர்கள் 1901இல், நோயுற்ற கர்ப்பிணிகளுக்கென ஆஸ்பத்திரிப் படுக்கைகள் வேண்டும் என எழுதினார். பேற்றுக்கு முன்பே தாயைப் பார்க்கும் வழக்கம் அதிலிருந்து வளர்ந்தது. பார்ப்பதென்றால் யாரைப் பார்ப்பது? தாயைத்தான். அவளுடைய அமுக்கம், சிறுநீர், வீக்கம் ஆகியவற்றைக் குறித்தனர். வயிற்றிலுள்ள குழவியின் இதயத் துடிப்பைக் கேட்டனர். அதன் வளர்ச்சியை அளக்கும் முறை அவர்களிடம் இல்லை. பிறந்தபின் 2,500 கிராமுக்குக் குறைந்த பிள்ளைகளையெல்லாம் குறைமாதப் பிள்ளைகள் என ஒரே பெயரிட்டு ஒதுக்கினர்.

இனி மாத்தளைக்கு மீள்வோம். 1916இல் அமெரிக்க ரொக்பெல்லர் தாபனத்தின் உதவியோடு இலங்கையிற் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கியபோது, அதற்கு முதற் களமாய் அமைந்தவை மாத்தளைப் பகுதித் தோட்டங்களே. லயங்களிலே கழிப்பிடம் இல்லை, வெறுங்காலோடு நடந்தவர்களின் பாதத்தைத் துளைத்துப் புழு உடம்பில் ஏறிற்று, குருதியை உறிஞ்சிற்று. சோகை பிடித்த தாய் சோகை பிடித்த பிள்ளையைப் பெற்றாள். தோட்டத் துரைமாருக்கு இவ்வேலையிற் பிறந்த ஆர்வம் தாய்மேற் கொண்ட இரக்கத்தால் என்பதிலும், கொழுந்து பறிக்கும் கை சோர்ந்துவிடக் கூடாதே என்னும் கவலையால் என்பதே பொருந்தும். எவ்வாறாயினும், தொழிலாளர் வாழிடங்களை நாடி மருத்துவம் தானே நடந்து சென்றது ஒரு புதுமை. பத்தாண்டு கழித்து, 1926இல், களுத்துறையில் முதற் சுகாதாரப் பகுதி அமைக்கப்பட்டது. பயிற்சி பெற்ற மருத்துவமாது வீடு வீடாகச் செல்லும் முறை அங்கேதான் உருவெடுத்தது.

அம்முறை நாடெங்கும் பரவுமுன் 1934இன் இறுதியில் மலேரியா வந்தது. சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். அக்கொடுங்காலத்தில் டி சொய்சா பேற்று மனையிற் பணியாற்றிய ஜி. ஏ. டபிள்யூ. விக்கிரமசூரிய அவர்கள், காய்ச்சலோடு வந்த கர்ப்பிணிகளை முறையாக ஆராய்ந்தார். மலேரியா, கொக்கிப்புழு ஆகியவற்றாற் சூலுற்ற பெண்ணுக்கு நேரும் கேடு பற்றிய அவருடைய நூல் 1937இல் வெளிவந்தது. இக்கட்டுரைக்கு அந்நூல் ஏன் வேண்டும் என்பீர்கள். இந்நாட்டு மருத்துவர் ஒருவர், தாயின் நோயையும் சேயின் சாவையும் மெலிவையும் ஒருங்கே நோக்கி, இரண்டுக்கும் நடுவில் நிற்கும் நச்சுக்கொடியை எடுத்து ஆராய்ந்தார் என்பதற்காகவே. அதனைச் சூல்வித்தகம் எனப் பாடநூல்கள் கூறும். மலேரியாக் கிருமி அங்கே தங்கிக் குழவிக்குச் செல்லும் ஊட்டத்தைத் தடுக்கிறது. கண்ட நோய் வேறாயினும், கண் சென்ற இடம் சரியான இடம்.

உண்மையில், சூல்வலிப்பின் மூலமும் நச்சுக்கொடியே என்று எடின்பரோவின் ஜேம்ஸ் யங் என்பார் 1914இலேயே வாதிட்டிருந்தார். குருதி பெறாது பட்டுப்போன திட்டுகளை அவர் நச்சுக்கொடியிற் கண்டார். இன்னொரு சான்றும் உண்டு. குழவியே உருவாகாமல் நச்சுக்கொடி மட்டும் திராட்சைக் குலைபோல் வளரும் முத்துப்பிள்ளைக் கருவிலும் அமுக்கம் ஏறி வலிப்பு வருகிறது. நச்சுக்கொடி வெளியேறியதும் நோய் தணிகிறது. எனவே நோய் குழவியால் வருவதன்று. ஆனால் யங் கூறியதை அன்று பலர் ஏற்கவில்லை. ஏதோ ஒரு நஞ்சு குருதியிற் கலக்கிறது என்று கூறி, நோய்க்கு நச்சுக்குருதி எனப் பொருள்படும் பெயரும் இட்டு, அந்நஞ்சைத் தேடி அலைந்தனர். சுவைபெல் என்னும் செருமானியர் சலித்துப்போய், இது கொள்கைகளின் நோய் என்றார்.

நோயின் மூலம் தெரியாமலே இலங்கை அதனாற் சாகும் தாய்மாரின் தொகையைக் குறைத்தது என்பது வியப்பானது. 1930களில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் பேறுகாலத்தில் இறந்தனர். 1950 அளவில் அது 600க்குக் கீழ் வந்தது. இன்று 30ஐ ஒட்டி நிற்கிறது. குருதிப்பெருக்கு, காய்ச்சல், வலிப்பு எல்லாம் சேர்ந்த கணக்கு இது. 1946 முதல் டீ.டீ.ரீ. தெளித்து மலேரியாவை அடக்கினர். கிராமந்தோறும் மருத்துவமாதர் சென்றனர். இலவச ஆஸ்பத்திரியும், அங்கு செல்லத் தெருவும், அட்டையிலுள்ள எழுத்தை வாசிக்கத் தெரிந்த பெண்ணும் சேர்ந்து செய்த வேலை அது. பெண்கல்வியின் பங்கைச் சிறிது அழுத்திக் கூறுவது ஆசிரியனுடைய பலவீனம் எனக் கொள்ளினும் குற்றமில்லை.

ஆயின், இந்நன்மை எல்லாரையும் ஒரே வேளையில் எட்டவில்லை. 1931இல் வயது வந்தோர்க்கெல்லாம் வாக்குரிமை கிடைத்தபின், தொகுதிக்கு ஆஸ்பத்திரி கேட்பது அரசியலாயிற்று. 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தற் சட்டமும் மலைநாட்டுத் தமிழரின் வாக்கைப் பறித்தன. வாக்கில்லாதவன் தொகுதிக்கு யார் ஆஸ்பத்திரி கேட்பார்? தோட்டத்து மருத்துவம் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே நெடுங்காலம் இருந்தது. 1970களிலே தோட்டங்கள் அரசுடைமையான பின்னரும் நாட்டின் பொதுச் சுகாதார முறையோடு அது முற்றாக இணையப் பல ஆண்டுகள் சென்றன. நாட்டிலே நிறை குறைந்து பிறக்கும் பிள்ளைகளின் விகிதம் தோட்டப்புறத்திலே இன்றும் மிகுந்திருப்பதற்கு இவ்வரலாற்றையும் ஒரு காரணமாகக் கொள்ளாது இருக்க முடியாது.

இனி, இரு கணக்கும் ஓர் ஏட்டிற் சேர்ந்த கதை. 1961இல் உலக சுகாதார நிறுவனம், நிறை குறைந்த பிள்ளைகளையெல்லாம் குறைமாதப் பிள்ளைகள் என அழைத்தல் தவறு என ஏற்றுக்கொண்டது. மாதம் நிறைந்தும் சிறுத்துப் பிறப்போர் உளர். கருப்பையினுள்ளேயே வளர்ச்சி தடைப்பட்டோர் அவர். 1963இல் லூலா லுப்சென்கோ என்னும் அமெரிக்க மருத்துவ மாதரசி, எந்த வாரத்தில் எந்த நிறை இருக்க வேண்டும் என்பதைக் காட்டும் வளர்ச்சிக் கோடுகளை வெளியிட்டார். அதன்பின்னரே, சிறுத்த பிள்ளைகளைப் பெற்ற தாய்மார் யார் என்று கேட்க முடிந்தது. அவர்களுட் பலர் முன்சூல்வலிப்புக் கண்டவர்களாய் இருந்தனர்.

ஏன் என்பதற்கு விடை கூறியவர்கள் பெல்ஜியத்து ஐவோ புரோசன்சும், இலண்டனில் அவரோடு உழைத்த ரொபட்சன், டிக்சன் ஆகியோரும். 1967இல் வெளியிட்ட ஆராய்ச்சிகளில் அவர்கள் நச்சுக்கொடியை விடுத்து, அது பற்றி நிற்கும் கருப்பைச் சுவரை ஆராய்ந்தனர். கருப்பைச் சுவரிலே நூறளவான சிறு நாடிகள் சுருள் சுருளாய் உள்ளன. சூலுற்ற முதல் மாதங்களில் நச்சுக்கொடியிலிருந்து புறப்படும் உயிரணுக்கள் அந்நாடிகளுட் புகுந்து, அவற்றின் தசைச் சுவரைக் கரைத்து, வாயைப் பல மடங்கு அகலச் செய்கின்றன.

குளக்கரையில் வாழும் நமக்கு இதை விளங்கிக்கொள்ளல் எளிது. நம் நாட்டுப் பழங் குளங்களின் மதகுக்குப் பின்னே, சிங்கள மக்கள் பிசோகொட்டுவ என்று கூறும் சதுரக் கற்கிணறு ஒன்று உண்டு. உயர்ந்த குளத்திலிருந்து வேகமாய்ப் பாயும் நீர் அக்கிணற்றில் வேகம் தணிந்து, பின்னர் வாய்க்காலிற் சாந்தமாகச் செல்லும். அது இல்லையேல் நீர் கரையை அறுத்துவிடும். வயலுக்கு நன்மை செய்யாது. அகன்ற நாடி வாய் கருப்பையின் கற்கிணறு. அதன் வழியே தாயின் குருதி மெல்லவும் நிறையவும் வந்து நச்சுக்கொடியை நனைக்கிறது. முன்சூல்வலிப்புக் கண்ட தாய்மாரிடம் இந்நாடிகள் அகலவில்லை என்பதை அம்மூவரும் கண்டனர். குருதி குறுகிய வாயால் சீறிப் பாய்கிறது. நச்சுக்கொடியின் மென்மையான இழைகளைச் சிதைக்கிறது. போதிய அளவு சேர்வதுமில்லை. 1977இல் அவர்கள் மேலும் ஒன்றைக் கூறினர்: தாய்க்கு அமுக்கம் ஏறாமலே பிள்ளை மட்டும் சிறுத்துப் பிறந்த சில தாய்மாரின் நாடிகளிலும் இதே குறை உண்டு. ஆக, ஒரே மதகுக் குறையால் ஒரு வீட்டிலே சேய் மெலிகிறது. இன்னொரு வீட்டிலே சேயும் மெலிந்து தாயும் வீங்குகிறாள்.

அவ்வேறுபாடு ஏன்? இங்கேதான் பழைய நச்சுக் கொள்கைக்கு மறுபிறவி கிடைத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்காவிற் பணிபுரியும் அனந்த் கருமாஞ்சி அவர்களும் அவருடைய குழுவினரும் 2003இல், குருதி போதாமல் வாடும் நச்சுக்கொடி ஒரு புரதத்தைத் தாயின் குருதியில் அளவுக்கு மீறிச் செலுத்துகிறது என்று காட்டினர். தாயின் நாளங்களும் நாடிகளும் நலமாயிருக்க வேண்டிய ஊக்கப் பொருள்களை அப்புரதம் பற்றிக்கொள்கிறது. நாடிச் சுவர் இறுகுகிறது, அமுக்கம் ஏறுகிறது. சிறுநீரகத்தின் வடி இளகுகிறது, புரதம் ஒழுகுகிறது. லீவர் 1843இற் கண்ட வெண் திரளுக்கு 160 ஆண்டுகளின் பின் விளக்கம் கிடைத்தது. நஞ்சு என்று ஒன்று உண்டு என்றோர் முற்றும் பிழைபட்டோர் அல்லர். அதன் ஊற்றை அறியாதோர் எனலாம். ஒரே அளவான குறைக்கு ஒரு தாயின் உடம்பு தாங்குகிறது, மற்றொருத்தியின் உடம்பு தளர்கிறது. உடற்பருமன், முன்னமே உள்ள அமுக்கம், நீரிழிவு, குடும்ப வழி ஆகியவை அதிலே பங்கு கொள்கின்றன.

ஓர் எச்சரிக்கையும் கூறல் வேண்டும். முன்சூல்வலிப்புக் கண்ட தாய்க்கெல்லாம் சிறுத்த பிள்ளை பிறக்கும் என்று கொள்ளற்க. 34 வாரத்துக்கு முன் தோன்றும் நோயிலேதான் இவ்வுறவு மிக இறுக்கமானது. மாதம் முதிர்ந்தபின் தோன்றும் வகையிலே பிள்ளை இயல்பான நிறையோடு, சில வேளை பெருத்தும், பிறக்கிறது. அவ்வாறே, சிறுத்த பிள்ளைகள் எல்லாரும் நாடிக் குறையாற் சிறுத்தவர் அல்லர். சோகை, போதா ஊட்டம், புகையிலை, தொற்றுநோய், பிறவிக் குறை எனப் பல வழிகள் உண்டு. பெற்றோர் உருவிலே சிறியராதலால் நலத்தோடு சிறியதாய்ப் பிறக்கும் பிள்ளையும் உண்டு.

இவ்வரலாறு ஒரு பழியைத் துடைக்கிறது. பிள்ளை சிறுத்துப் பிறந்தால், இவள் வாயைக் கட்டிப் பிள்ளையைக் கெடுத்தாள் என்று மாமியார் கூறுவதை நாம் கேட்டிருக்கிறோம். மாறாக, பிள்ளை சிறிதாயிருந்தாற் பேறு எளிதாகும் என்று எட்டாம் மாதத்திற் சோற்றைக் குறைக்கச் சொல்வோரும் அதே வீட்டில் இருப்பர். முன்னவர் கூற்று, நாடி அகலாத தாய்க்கு அநீதி. ஐந்தாம் மாதத்துக்குள் முடிந்துவிட்ட காரியத்தை அவள் எட்டாம் மாதத்தில் உண்டு திருத்த முடியாது. பின்னவர் கூற்று எல்லாத் தாய்மாருக்கும் கேடு.

மருந்து உண்டா? வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேற் என்னும் உப்பு பயன்படுகிறது. 33 நாடுகளிற் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாரைக் கொண்டு நடத்தி 2002இல் வெளியிட்ட பெரும் ஆய்வு, அது வலிப்பைப் பாதிக்கும் மேலாகக் குறைக்கிறது என நிறுவியது. நோய்க்கு ஆளாகக்கூடியோர் எனக் கண்டறிந்த தாய்மாருக்கு 16 வாரத்துக்கு முன்பே தொடங்கிச் சிற்றளவு அஸ்பிரின் கொடுத்தால், காலத்துக்கு முந்திவரும் முன்சூல்வலிப்பு வெகுவாகக் குறைகிறது என்பது 2017இல் உறுதியாயிற்று. நாடிகள் அகலும் பருவமும் அதுவே என்பதைக் கவனிக்க. இதனை மருத்துவர் சொல்லி எடுக்க வேண்டுமேயன்றித் தாமே வாங்கி விழுங்கலாகாது. தொடங்கிவிட்ட நோயை முற்றாகத் தீர்க்கும் மருந்து இன்றும் ஒன்றே: நச்சுக்கொடி வெளியேறுதல், அதாவது பேறு. மாதம் நிறைந்திருந்தால் தயக்கம் இல்லை. 28 அல்லது 30 வாரமாயின், தாயைக் காக்கப் பேற்றை விரைவுபடுத்தினால் ஏற்கெனவே மெலிந்த பிள்ளை முதிராத நுரையீரலோடு வெளியே வர வேண்டியதாகும். பொறுத்திருந்தால் இருவருக்கும் இடர். மருத்துவர் நாள்தோறும் இத்துலாக்கோலைப் பிடிக்கின்றார்.

அவர் கைக்குத் துலாக்கோல் உரிய வேளையிற் சென்று சேர்வது மருத்துவமாதின் கையிலே உள்ளது. அவளிடம் விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. ஆர்ஜென்டீனா நாட்டு பெலிசான் என்பார் 1978இல், சாதாரண அளவுநாடாவால் தாயின் வயிற்றை அளந்தே குழவி வளராமையைக் கண்டுகொள்ளலாம் என்று காட்டினார். இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலிருந்து கருப்பையின் உச்சி வரை அளந்தால், 24 வாரம் கடந்தபின் எத்தனை வாரமோ ஏறக்குறைய அத்தனை சென்ரிமீற்றர் இருத்தல் வேண்டும். இலங்கையின் கர்ப்பிணித் தாய்மார் அட்டையிலே அவ்வளவைப் புள்ளியிட்டுக் கோடு இழுக்கும் கட்டம் உண்டு. குருதி அமுக்கத்துக்கும் சிறுநீர்ப் புரதத்துக்கும் அதே அட்டையில் இடம் உண்டு. 1843இலும் 1896இலும் 1978இலும், மூன்று நாடுகளில், மூன்று தனித்தனி வினாக்களுக்குப் பிறந்த விடைகள் ஒரே அட்டையில் அடங்கியுள்ளன.

அமுக்கம் சிறிது ஏறி, கோடும் வளைந்து கீழே சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியே நோக்கின் இரண்டும் அடுத்த கிழமை பார்க்கலாம் என்று விடத்தக்கவை. ஒன்றாக நோக்கின் அடுத்த கிழமைக்கு விடத்தக்கவை அல்ல. நூற்றெண்பது ஆண்டுகட்கு முன்னர்த் தொழிலாளர் வடக்கிலிருந்து நடந்துவந்த அதே நாலந்தாத் தெருவால், அன்றைக்கே அத்தாயைத் தெற்கே மாத்தளை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.